வழி தப்பிய சம்பந்திகள்

“நீங்க முன்னாடி போனீங்க, நான் பின்னாடி வந்தேன். இதுல என் தப்பு என்ன இருக்கு, நான் பாட்டுக்கு—”

“பின்னாடி வர்றவங்களுக்கு வாய் கிடையாதா? தப்பா போறேன்னு தெரிஞ்சா ஒரு வார்த்தை—”

“தெரியும்னு யார் சொன்னா?”

“இப்ப நீங்கதானே சொன்னீங்க, டீ குடிச்ச இடத்துலயே தெரியும்னு.”

“டீ குடிச்ச இடத்துல சந்தேகம். ஓடையைத் தாண்டின பிறகுதான் நிச்சயமாச்சு.”

“நிச்சயமான பிறகும் என் முதுகைப் பாத்துக்கிட்டே பேசாம வந்தீங்களா சம்பந்தி?”

“பொண்ணைக் குடுத்த இடம். நீங்க போற வழி தப்புன்னு நான் எந்த வாயால சொல்றது?”

“இப்ப மட்டும் அந்த வாய் எங்கேருந்து வந்தது?”

“இப்பதான் பொண்ணைத் திருப்பி அழைச்சுக்கிட்டாச்சே.”

சொன்ன பிறகுதான் பல்லம்மாவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. சம்பந்தி முதுகுப் பையின் வாரை ஒரு தரம் இறுக்கினாள், பிறகு தளர்த்தினாள். இருவரும் நின்றிருந்த பாறை முகடு அவர்கள் காலடியில் முடிந்துபோயிருந்தது. அதற்கு மேல் வானம், கீழே செங்குத்தான பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல, அவர்கள் போய்ச் சேர்ந்திருக்கவேண்டிய கணவாய் மாலை வெயிலில் சாவகாசமாகக் காய்ந்துகொண்டிருந்தது.

காலையில் மலையடிவாரத்து வாசலில் வனக்காவலர் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பினார். “பாதி வழியில மண்ணு சரிஞ்சு கெடக்குது. அதுக்கு முன்னாடியே பாதையை விட்டு மேல ஏறிடுங்க. கிழக்கு பாத்தே போனா கணவாய் வந்துடும், அங்க பழைய பாதை கெடைக்கும். ராத்திரி அங்க தங்கிட்டு நாளைக்கு மறுபக்கம் எறங்கி இங்கயே வந்து சேரலாம்.” கிழக்கு என்று அவர் சொன்னதை இருவரும் நான்கு காதாலும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு பாதையை விட்டதும் சம்பந்தி ஏதோ ஆட்டுத் தடத்தைப் பிடித்து வடக்கே ஏறினாள். பல்லம்மா பின்னாலேயே ஏறினாள்.

இவர்கள் இருவருக்கும் ஒரு பழக்கம். வரைபடம் சம்பந்தியின் பையில் இருக்கும், திசைகாட்டி பல்லம்மாவின் சட்டைப் பையில் இருக்கும். ஒருத்தியிடமே இரண்டும் இருந்தால் மற்றவளுக்கு வழி தெரியாது என்று ஆகிவிடுமல்லவா, அந்த மரியாதைக்காகச் செய்த ஏற்பாடு. அம்புக்குறி போட்ட பாதைகளில் நடந்தவரை அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. இன்றைக்குத்தான் வந்தது. டீ குடித்த இடத்தில் பல்லம்மா முகம் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டு திசைகாட்டியைப் பார்த்தாள். முள் வடக்கைக் காட்டியது. தாங்களும் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. மூடி உள்ளே போட்டுக்கொண்டாள். ‘அவங்க பாத்துதான் போவாங்க. நாம காம்பஸை நீட்டினா, உங்களை நம்பலைன்னு சொன்ன மாதிரி ஆயிடும்.’

“நானும் பாத்தேன்” என்றாள் சம்பந்தி இப்போது, பள்ளத்தைப் பார்த்தபடி.

“என்னத்த?”

“மேப்பை. ஷூ லேசு கட்டற சாக்குல ஒக்காந்து பாத்தேன். ஓடை வலப்பக்கம் வரணும், இடப்பக்கம் வந்துது.”

“அப்ப உங்களுக்கும் தெரியும்.”

“நீங்க ஒண்ணுமே சொல்லாம வந்தீங்க. காம்பஸ் வச்சிருக்கறவங்களே சொல்லல, நாமதான் தப்பாப் பாக்கறோம்னு நெனச்சேன்.”

பல்லம்மா அவளைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கும் நேரமா என்று தெரியாததால் அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

“இருமாதீங்க” என்றாள் சம்பந்தி. “சிரிங்க, பரவாயில்லை.”

பிறகு சம்பந்தி வரைபடத்தை எடுத்துப் பாறைமேல் விரித்தாள். பல்லம்மா திசைகாட்டியை அதன்மேல் வைத்தாள். எட்டு வருடத்தில் அந்த இரண்டு பொருள்களும் ஒன்றையொன்று சந்தித்தது அதுவே முதல்முறை.

*

பல்லம்மா என்பது தெருவில் வைத்த பெயர். பல் செட் செய்து கொடுப்பவள். பல் மருத்துவர்கள் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள். அவள் பிளாஸ்டர் மாவில் அச்சு வார்த்து, மெழுகில் பல் நட்டு, இளஞ்சிவப்பு ஈறு பிடித்து, மெருகேற்றி அனுப்புவாள். ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புத் தைக்கும் கடைக்கும் நடுவில் ஒரு நீள அறை. சுவர்ப் பலகையில் வரிசையாக வெள்ளைத் தாடைகள், ஊரில் பாதிப் பேருடைய தாடைகள், வாயைத் திறந்தபடி. பெண் பார்க்க வந்தவர்கள் வீடு பூட்டியிருக்கிறதே என்று நேராக இங்கே வந்துவிட்டபோது, மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அந்தத் தாடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், “இவர் ரொம்பப் பேசுவார் போலிருக்கே” என்று ஒன்றைத் தொட்டுச் சொன்னாள். பல்லம்மாவுக்கு மாப்பிள்ளையைப் பிடிப்பதற்கு முன்பே மாப்பிள்ளையின் அம்மாவைப் பிடித்துப்போனது.

அந்த அம்மாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஒரு காலத்தில் அந்தக் கம்பெனியில் எண்ணெய்த் துணியோடு குழிக்குள் இறங்கிய ஒரே பெண்பிள்ளை. இப்போது பத்துப் பேரை இறக்கிவிட்டு மேலே நின்று அதட்டுகிறாள். “நாள் பூரா ஏறி எறங்கறவங்களுக்கு லீவு நாள்லயும் ஏறி எறங்கணுமா?” என்று பல்லம்மா கேட்டதற்கு, “அது கயிறு ஏத்துது. இது நான் ஏறறேன்” என்றாள்.

பிள்ளைகள்தான் முதலில் மலையேறப் போனார்கள். கல்யாணமான புதிதில் ஜோடியாகப் பைகள் வாங்கி, ஒரு தரம் ஏறி, காலில் கொப்புளத்தோடு இறங்கி, பைகளைப் பரணில் போட்டார்கள். பரணிலிருந்து அம்மாக்கள் எடுத்தார்கள். விதவையான பல்லம்மாவுக்கும், புருஷன் வெளிநாட்டுக் கப்பலில் இருக்கும் சம்பந்திக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் நீளமானவை. சம்பந்தி முறை அவர்களுக்கு ஒரு நல்ல சாக்கு. ‘சம்பந்தியோட போறேன்’ என்றால் எவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

இந்த வருடம் பிள்ளைகள் பிரிந்தார்கள். கூச்சல் இல்லை, அடிதடி இல்லை. மேல் செட்டைத் தனியாகப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும், கீழ் செட்டும் அப்படியே. வாயில் போட்டுக் கடிக்கச் சொன்னால்தான் தெரியும். பல்லம்மா அதற்கு மேல் யாரையும் குறை சொல்லவில்லை.

மகள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். போன வாரம் ஒருநாள் மெருகு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அம்மா, மலைக்குப் போறியா?”

“முன்னாடியே பேசினது. லீவு எழுதிக் குடுத்துட்டாங்க அவங்க.”

“நான் முடி வெட்டிக்கிட்டது அவனுக்கு எப்படித் தெரியும்? ராத்திரி தூங்கறதில்லைன்னு எப்படித் தெரியும்? போன் பண்ணி, மாத்திரை போட்டுக்கோன்னு சொல்றான். நீங்க ரெண்டு பேரும் ஜாலியா மலை ஏறறீங்க, என் கதை எல்லாம் அந்த வீட்ல போய் எறங்குது.”

பல்லம்மா மோட்டாரை நிறுத்தினாள்.

“போயிட்டு வா. ஆனா இதுதான் கடைசின்னு அவங்ககிட்ட சொல்லிட்டு வா. எனக்காகம்மா. வேற எதுவும் நான் உன்கிட்ட கேக்கல.”

உண்மைதான், வேறெதுவும் அவள் கேட்கவில்லை. பல்லம்மா சரி என்றாள். அந்தச் ‘சரி’யைத்தான் காலையிலிருந்து மலைமேல் சுமந்துகொண்டு வருகிறாள். டென்டைவிட அது கனத்தது.

*

வரைபடமும் திசைகாட்டியும் கூடிப் பேசியதில் ஒன்று தெரிந்தது. இன்றைக்குக் கணவாய் கிடையாது. வந்த முகட்டிலேயே கொஞ்ச தூரம் திரும்பி, சரளைக்கல் சரிவில் இறங்கினால் நடுவில் ஒரு புல்திட்டு, பக்கத்தில் நீரோட்டம். ராத்தங்கல் அங்கே. காலையில் பள்ளத்தின் தலைப்பாகத்தைச் சுற்றிக்கொண்டு கணவாய்க்குப் போகலாம்.

“இப்ப யார் முன்னாடி?” என்றாள் பல்லம்மா.

“காம்பஸ் முன்னாடி போகட்டும். நான் பின்னாடி வந்து குத்தம் சொல்றேன். எனக்கும் அந்தச் சுகம் தெரியணும்.”

சரளைச் சரிவில் கல் காலுக்கு அடங்காது. கால் வைத்த இடம் ஒரு சாண் கீழே போய்த்தான் நிற்கும். பல்லம்மா குறுக்கே நடந்தாள், கைத்தடியை மேட்டுப் பக்கம் ஊன்றி. பாதி தாண்டியிருப்பாள். கால் வைத்தது ஒரு தட்டைக் கல். அது தானும் நடக்கத் தீர்மானித்தது. அவள் உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே சறுக்கினாள், சுற்றியிருந்த சரளை எல்லாம் சலசலவென்று அவளோடு கிளம்பியது. பையின் மேல்வாரில் ஒரு கை விழுந்து இழுத்துப் பிடித்தது.

“நகராத.”

பல்லம்மா நகரவில்லை.

“நான் பிடிச்சிருக்கேன். கீழ பாக்காத, கல்லு போகட்டும், அது போற எடத்துக்குப் போகட்டும். நீ என் பேச்சை மட்டும் கேளு. வலது குதிகாலைக் கல்லுக்குள்ள அழுத்து. அழுத்திட்டியா?”

“ம்.”

“ம் போதாது. வாயைத் தெறந்து சொல்லு.”

“அழுத்திட்டேன்.”

“இப்ப இடது. அவசரமில்ல. நமக்கு வேற வேலை என்ன இருக்கு.”

அது பல்லம்மா இதுவரை கேட்டறியாத குரல். தணிந்தது, சீரானது, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவது போன்றது. ஒவ்வொரு காலாக, அந்தக் குரலையே படியாக்கி ஏறி, அவள் எழுந்து நின்றாள். இருவரும் புல்திட்டை அடைந்தார்கள். அங்கே போய்ப் பைகளை இறக்கிய பிறகு சம்பந்தி சொன்னாள்:

“மன்னிச்சுக்குங்க. நீ வா போன்னு வந்துடுச்சு.”

“பரவாயில்லை.”

“லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட பேசிப் பேசி வந்த பழக்கம். நீங்க வாங்கன்னு சொன்னா பயப்படுவாங்க. மாட்டினவங்க முதல்ல எப்ப தெறப்பீங்கன்னு கேப்பாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அதைக் கேக்க மாட்டாங்க. இன்னும் அங்கதான் இருக்கீங்களான்னு மட்டும் கேப்பாங்க. கதவைத் தெறக்கற வேலையைப் பசங்க பாப்பாங்க. நான் பேசிக்கிட்டே இருப்பேன், அவ்வளவுதான்.”

‘இப்போது சொல்லிவிடலாம்’ என்று பல்லம்மா நினைத்தாள். தன்னை இப்போதுதான் பிடித்து நிறுத்திய கையைப் பார்த்தாள். விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது. “கையைக் காட்டுங்க, மருந்து போடறேன்” என்றாள்.

*

டென்ட் எழுந்தது. ஸ்டவ் மூச்சுவிட்டது. வெயில் எதிர் மலையின் இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறி, தோளிலிருந்து தலைக்கு ஏறியது. நூடுல்ஸைப் பாத்திரத்திலிருந்தே இருவரும் மாறி மாறிச் சாப்பிட்டார்கள். பிறகு டீ.

சம்பந்தி ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள். “இவ்வளவு நாள் சொல்லல. இனிமே சொன்னா என்ன. நீங்க போடற டீ பாயசம் மாதிரி இருக்கும்.”

“எட்டு வருஷமா குடிச்சீங்களே.”

“சம்பந்தி போட்ட டீயாச்சே.”

“சரி, நானும் சொல்றேன். நீங்க குறட்டை விடறீங்க.”

“நானா?”

“மலை அதிரும். மிருகம் எதுவும் கிட்ட வராததுக்கு அதான் காரணம்.”

“நடக்கும்போது நீங்க மூக்கால ஒரு பாட்டு பாடுவீங்க. ஒரே அடி. அடுத்த அடி தெரியாது போல.”

“தெரியும். நல்லா வராது.”

“ஏறும்போது உங்களுக்கு மூச்சு வாங்கும். ஆனா நின்னுக்கலாமான்னு கேக்க மாட்டீங்க. பூ நல்லா இருக்குன்னு சொல்லி நிப்பீங்க. பூவே இல்லாத எடத்துல எல்லாம்.”

“ஒருதரம்தான் அப்படி.”

“அது காளான்.”

பல்லம்மா இந்தத் தடவை இருமலாக மாற்றவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த ஒரு மாலையில் சொன்ன உண்மைகள் எட்டு வருடத்துக்குச் சேர்த்துப் போதும். வாய்க்குள் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அது டீயைப் பற்றியதாக இருந்திருக்கக்கூடாதா என்று தோன்றியது.

“என்ன?” என்றாள் சம்பந்தி.

“ஒண்ணுமில்லை. குளிருது.”

“உள்ள போங்க. இன்னிக்கு ஒரு பக்கமாப் படுத்துக்கறேன். குறட்டை வராது.”

வந்தது. பல்லம்மா அதைக் கேட்டபடியே படுத்திருந்தாள். இந்தச் சத்தம் இல்லாமல் ஒரு மலை எப்படியிருக்கும் என்று யோசிக்கத் தொடங்கி, யோசித்து முடிக்குமுன் தூங்கிப்போனாள்.

*

காலையில் டென்ட்டின் மேல்துணி பனியில் நனைந்து கனத்திருந்தது. உதறி மடிக்கவேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, இழுத்து, பாதியாக மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். கைகள் சந்தித்த இடத்தில் பல்லம்மா சொன்னாள்.

“என் பொண்ணு, இனிமே உங்களோட பழக வேண்டாங்கறா. இதுதான் கடைசின்னு உங்ககிட்ட சொல்லிட்டு வரச் சொன்னா. சரின்னு சொல்லிட்டேன்.”

சம்பந்தி அவள் கையிலிருந்த மூலைகளை வாங்கிக்கொண்டாள். குனிந்து மடிப்பின் மறுமுனையை எடுத்தாள்.

“இதைப் பிடிங்க. இன்னும் ஒரு மடிப்பு இருக்கு.”

மடித்தார்கள். சம்பந்தி அதை உருட்டிப் பைக்குள் திணித்தாள், ஸ்டவ்வை வைத்தாள், பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். பல்லம்மா திசைகாட்டியைப் பிடித்தபடி பின்னால் போனாள். பள்ளத்தின் தலைப்பாகத்தில் முட்புதர் அடர்ந்திருந்தது. பாதை என்று எதுவும் இல்லை. கையால் விலக்கி, பையை முன்னால் தள்ளி, குனிந்து நுழையவேண்டும். சம்பந்தி ஒவ்வொரு கிளையையும் பின்னால் வருகிறவள் முகத்தில் அடிக்காதபடி பிடித்துக்கொண்டு நின்று, பல்லம்மாவின் கை அதைப் பிடித்த பிறகே விட்டாள்.

புதர் முடிந்த இடத்தில் நின்றாள்.

“எப்ப சொன்னா?”

“போன வாரம்.”

“நேத்து பூரா கூடவே நடந்தீங்க. வாயைத் தெறக்கலையே.”

“உங்களுக்கு வருத்தமாயிடுமேன்னு.”

“வருத்தமாயிடுமேன்னு பாத்துத்தான் நேத்து கணவாயை விட்டுட்டு பாறை உச்சியில போய் நின்னோம்.”

பல்லம்மா சட்டையில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்துப் போட்டாள்.

“அவ சொல்றது நியாயம்” என்றாள் சம்பந்தி. “முடி வெட்டினதை நான்தான் போய்ச் சொன்னேன். நீங்க என்கிட்ட பேச்சுவாக்குல சொன்னீங்க, நான் அவன்கிட்ட சாப்பாடு போடும்போது சொன்னேன். அவன் முகம் அப்பவாவது நிமிருமான்னு பாத்தேன். நிமிர்ந்தது.” தலையில் சிக்கிய இலையை உதறினாள். “அவன் வீட்ல பேசறதே இல்லைன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?”

“கல்யாணமான ரெண்டாவது வருஷமே தெரியும். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்.”

“அவ குளியலறையில தண்ணியைத் தெறந்துவிட்டுட்டு அழறது எனக்கும் தெரியும். உங்க காதுல போட்டா, பொண்ணைச் சரியா வச்சுக்கலைன்னு ஆயிடுமேன்னு விட்டேன்.”

“சொல்லியிருந்தா சரியாயிருக்குமா?”

“யாருக்குத் தெரியும். ஆகாமலும் போயிருக்கும்.” சம்பந்தி முள் குத்திய புறங்கையைச் சட்டையில் துடைத்தாள். “காம்பஸ் என்ன சொல்லுது?”

“கிழக்கு. இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்.”

“எனக்கு நேராப் போகணும்னு படுது.”

“வலப்பக்கம்னு சொல்றேன்.”

“நேராத்தான் மேடு கம்மி.”

“மேடு கம்மியாத்தான் இருக்கும், அது பள்ளத்துக்குப் போகுது. உங்க பின்னாடி வாயை மூடிக்கிட்டு வர நான் இனிமே ஆளில்லை. வலப்பக்கம்.”

சம்பந்தி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பினாள்.

கணவாயில் பழைய பாதை கிடைத்தது. கல்லில் பூசிய அம்புக்குறி பாதி உதிர்ந்திருந்தாலும் திசை தெரிந்தது. அங்கே உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். காற்று ஓய்ந்திருந்தது. கீழே இரண்டு பக்கமும் மலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு கிடந்தன.

“பிள்ளைங்களைப் பத்தி ஒரு பேச்சும் பேசாம நாம ரெண்டு பேரும் எவ்வளவு தூரம் நடப்போம்?” என்றாள் சம்பந்தி.

“அந்தப் பேச்சு இல்லைன்னா வேற என்ன பேசறது?”

“அதான் தெரியல. பாக்கலாமே. கீழ வாசல் வரைக்கும்.”

இறங்கினார்கள். முதலில் பேச்சே வரவில்லை. எதைத் தொட்டாலும் அதன் அடியில் ஒரு பிள்ளை இருந்தது. ரொட்டி என்றால் அவனுக்குப் பிடித்தது, மழை என்றால் அவளுக்குச் சளி. பிறகு சம்பந்தி, கண்ணாடி வைத்த லிஃப்டுகளில் ஜனங்கள் ஏன் குறைவாகப் புகார் சொல்கிறார்கள் என்று சொன்னாள். முகம் பார்ப்பதிலேயே நேரம் போய்விடுகிறதாம். பல்லம்மா, சிரிக்கும்போது தெரியாத பல்லுக்குத்தான் தான் அதிக நேரம் செலவழிப்பதாகச் சொன்னாள். கடிக்கிறது அதுதானே. சம்பந்தி, கப்பல்காரர் வீட்டுக்கு வந்தால் அலமாரிகளை எல்லாம் இறுக்கிக் கட்டிவைப்பதைச் சொன்னாள். பல்லம்மா, செத்துப்போன தன் புருஷனை நாளாக ஆக மறந்துகொண்டு வருவதைச் சொன்னாள். அதை அவள் எவரிடமும் சொன்னதில்லை. தான் சொல்லிவிட்டோம் என்பதே ஒரு வளைவு தாண்டித்தான் அவளுக்கு உறைத்தது. சம்பந்தி ஐயோ என்றும் சொல்லவில்லை, அப்படியெல்லாம் சொல்லாதீங்க என்றும் சொல்லவில்லை. “குரலா, முகமா?” என்று மட்டும் கேட்டாள்.

“குரல்.”

“ம்” என்றாள் சம்பந்தி.

மரங்கள் தொடங்கின. நிழல் வந்தது. ஒரு வளைவில் வெளிர்மஞ்சளாக ஏதோ பூத்திருந்தது. பல்லம்மா, “மூச்சு வாங்குது, நிக்கலாம்” என்றாள். நின்றார்கள்.

வாசலில் அதே வனக்காவலர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் நிமிர்ந்தார்.

“வந்துட்டீங்களா. கணவாய்லேருந்து கைவிளக்கு வெளிச்சமே தெரியலையேன்னு பாத்தேன். வழி தப்பிட்டீங்களா?”

“கொஞ்சம்” என்றாள் பல்லம்மா.

“ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியாம்மா?”

இந்தக் கேள்வியை எட்டு வருடமாகப் பலர் கேட்டிருக்கிறார்கள். கேட்டவுடன் இருவரும் சேர்ந்தே ‘சம்பந்தி’ என்பார்கள். பல்லம்மாவின் வாய் திறந்து, சொல் இல்லாமல் நின்றது.

“சண்டைக்காரங்க” என்றாள் சம்பந்தி.

காவலர் இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு, “நல்லது, நல்லது” என்று நாற்காலியில் மறுபடி சாய்ந்தார்.

பேருந்து நிற்கும் மரத்தடிக்கு வந்து சேர்ந்ததும் பல்லம்மாவின் பைக்குள் போன் உயிர்பெற்று, வரிசையாக முனகியது. அடுத்த நிமிடம் மணி அடித்தது. திரையில் மகள். சம்பந்தி தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, “நெறச்சுக்கிட்டு வரேன்” என்று குழாய்ப் பக்கம் நகர்ந்தாள். பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.

“அம்மா. எங்க இருக்க? ராத்திரி பூரா லைன் கெடைக்கலை.”

“கீழ வந்துட்டேன்மா. நல்லா இருக்கேன். பஸ்ஸுக்கு நிக்கறேன்.”

“சாப்பிட்டியா?”

“ரொட்டி தின்னேன்.”



“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“நீ கேட்டது நியாயம்னாங்க. முடி வெட்டினதைச் சொன்னது நான்தான்னாங்க. இனிமே உன் பேச்சு எங்க ரெண்டு பேர் வாயிலயும் வராது. இன்னிக்கு மேலேருந்து எறங்கும்போது பூரா வரல. அதுக்கு நான் ஜவாப்தாரி.”

“இனிமேன்னா? அம்மா, கடைசித் தடவைன்னு சொன்னியா இல்லையா?”

குழாயடியில் சம்பந்தி பாட்டிலைக் கவிழ்த்து, இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி நிரப்பிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை. வளைவில் பேருந்தின் சத்தம் கேட்டது.

“நீ சொல்லச் சொன்னே, சொல்லிட்டேன். சொல்லும்போதே எனக்கு அது சரியாப் படல, அதையும் உன்கிட்ட மறைக்க மாட்டேன். நீ உன் புருஷனை விட்டுட்டு வந்து நின்னே, ஒரு நாளாவது ஏன்னு கேட்டேனா? என் சிநேகிதியை நான் எதுக்கும்மா விடணும், அதை மட்டும் நீ சொல்லு.”